“நாட்டு மருந்து கூடாது” என்ற ஒற்றை வரிக்கு ஒரு பால்வாடி டீச்சரின் திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மகப்பேறு நலத்துக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கு,

சென்ற மாதம் எங்கள் வட்டாரத்துச் சுகாதார நிலையம் ஒன்றின் தடுப்பூசி அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். “பாலூட்டும் தாய்மார்கள் நாட்டு மருந்து எதையும் உட்கொள்ளக் கூடாது” என்பதே அதிலிருந்த முழுச் செய்தி. எது நாட்டு மருந்து, ஏன் கூடாது, ஏற்கெனவே உட்கொண்டவர் என்ன செய்ய வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்ற எதற்கும் அதில் விடை இல்லை. அது புதன்கிழமை, பேத்திக்கு ஊசி போட நானும் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்களில் மூன்று பேர் வீட்டில் ஏதோ ஒரு சூரணமோ லேகியமோ உண்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தாளைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே செவிலியர், “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறியாம்மா?” என்று கேட்டபோது மூவரும் “இல்லைங்க” என்றார்கள். என்னை எழுத வைத்தது அந்த “இல்லை”தான்.

நான் 27 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். ஊரில் இன்றும் என்னைப் பால்வாடி டீச்சர் என்றே அழைக்கிறார்கள். தொங்கு தராசின் கொக்கியில் தூளியை மாட்டிக் குழந்தைகளின் எடையைப் பதிவேட்டில் குறித்துவந்தேன். அந்தப் பதிவேட்டில் எடைக்கு ஒரு கட்டம் இருந்தது, தடுப்பூசிக்கு ஒரு கட்டம் இருந்தது. தாய் என்ன மருந்து உண்கிறாள், யார் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று எழுத இடமே இருந்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி கைமருந்து எதுவும் இல்லாமல் முதல் 40 நாளைக் கழித்து நான் பார்த்ததில்லை. சுக்கும் திப்பிலியும் இடித்துப் போட்ட பிரசவ லேகியம், பாலில் வேகவைத்த பூண்டு, பால்சுறாக் கருவாடு, முருங்கைக்கீரை, வெந்தயக் களி, அனலில் வாட்டி மார்பில் வைத்துக் கட்டும் ஆமணக்கு இலை, பாலில் அரைத்துக் கலக்கும் அம்மான் பச்சரிசிப் பூ, சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீர்விட்டான் கிழங்கு என்று அது வீட்டுக்கு வீடு மாறும். இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி “கூடாது” என்று எழுதிவிட்டால் அவை அடுப்படியை விட்டுப் போய்விடுவதில்லை. உங்கள் கண்ணிலிருந்து மட்டுமே போய்விடுகின்றன.

மறைப்பதால் என்ன நேரும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் மகளுக்குக் கருவுற்ற காலத்திலேயே தைராய்டு சுரப்புக் குறைவு என்று கண்டறிந்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். குழந்தை 2 கிலோ 900 கிராம் எடையில் பிறந்தது. வீடு வந்து சில நாள்களிலேயே ஓயாத அழுகை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் “பால் பத்தல” என்றார்கள். எட்டாம் நாள் என் சம்பந்தியம்மா வாரச் சந்தையிலிருந்து பால் சுரப்புக்கான சூரணம் என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அக்கறையோடுதான் வாங்கி வந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதை வெந்நீரில் கலக்கிக் கொடுத்தது என் கைதான். ஆனால் பொட்டலத்தை விற்றவர், “இங்கிலீஷ் மாத்திரை பால்ல எறங்கும், அத நிறுத்திட்டு இதக் குடுங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. மகள் தைராய்டு மாத்திரையை நிறுத்தியிருந்தாள். என்னிடம் கூடச் சொல்லவில்லை.

பிறந்த குழந்தையின் எடை முதல் சில நாள்களில் சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிப் பிடித்து, அதன் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். இதை எத்தனையோ தாய்மார்களுக்குச் சொன்னவள் நான். என் பேத்தியை 30ஆம் நாள் தராசில் வைத்தபோது 3 கிலோ 50 கிராம்தான் காட்டியது. போதாததற்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. மகளின் வியர்வையிலும் குழந்தையின் துணியிலும் வெந்தய வாடை அடித்தது.

அரசு மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். மருத்துவர் அதைக் கையில் எடுக்கவில்லை. “இந்தக் குப்பையை எல்லாம் முதல்ல நிறுத்துங்க” என்றார். அவருடைய அறைக்கு வெளியே நூறு பேர் நின்றிருந்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதே வளாகத்தில் இருந்த சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவரை வேறு இடத்துப் பணிக்கு அனுப்பியிருந்தார்கள், அறை பூட்டியிருந்தது. திரும்பும்போது, பணி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் குழந்தையின் அழுகையைக் கேட்டு நின்றார். மகளை உட்கார வைத்து, “என் முன்னாடி ஒரு தடவை பால் குடும்மா” என்றார். குழந்தை மார்க்காம்பின் நுனியை மட்டும் கவ்வியிருந்தது. அதனால் பால் இறங்கவில்லை, காம்பும் வெடித்திருந்தது. குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போகும்படி அணைக்கக் கற்றுக் கொடுத்தார். குழந்தை விழுங்கும் ஓசை அன்றைக்குத்தான் எங்கள் காதில் விழுந்தது. பேச்சுவாக்கில், “தினமும் என்ன மாத்திரை சாப்பிடுற?” என்று அவர் கேட்டபோதுதான் தைராய்டு மாத்திரை நின்றுபோனது வெளியே வந்தது. தைராய்டு குறைந்தால் பாலும் குறையும், அந்த மாத்திரை பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளத் தகுந்தது என்பதை இதற்குமுன் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மாத்திரையைத் தொடர்ந்தாள். அடுத்த பத்து நாள்களில் 320 கிராம் ஏறியது. அந்தச் செவிலியர் எங்களோடு செலவிட்டது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் நாங்கள் 22 நாள்களை இழந்தோம்.

பிறகு வேறொரு நாள் சித்த மருத்துவர் ஒருவரிடம் அந்தப் பொட்டலத்தைக் காட்டினேன். முகர்ந்தும் நாவில் வைத்தும் பார்த்துவிட்டு, “வெந்தயம் நிறைய இருக்கிறது. மற்றது என்னவென்று ஆய்வுக்கூடந்தான் சொல்ல முடியும். உள்ளே இருப்பதை எழுதாத பொடியைச் சித்த மருந்து என்று சொல்லாதீர்கள் அம்மா” என்றார். அவர் குரலில் இருந்த வருத்தத்தை நான் மறக்கவில்லை. தம் மருத்துவத்தின் பெயரைச் சந்தைக்காரர் எடுத்துக்கொள்வதையும், அரசு நிலையத்துக் கதவு அந்தச் சந்தைக்காரரையும் தம்மையும் ஒரே சொல்லால் விலக்கிவைப்பதையும் அவரைப் போன்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தாளை ஏற்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா மகப்பேறு சஞ்சீவி என்ற பெயரில் 11 வகைச் சித்த மருந்துகளைப் பெட்டகமாகத் தாய்மார்களுக்குக் கொடுத்தது தமிழ்நாட்டு அரசே. தண்ணீர்விட்டான் கிழங்கிலிருந்து செய்யும் சதாவரி லேகியமும், சுக்கு சேர்ந்த சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இருந்தன. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் “எதையும் உட்கொள்ளக் கூடாது” என்று தடுத்தால், படிப்பறிவு குறைந்த ஒரு தாய் எதை நம்புவாள்? இரண்டையும் விட்டுவிட்டுச் சந்தையில் உரக்கப் பேசுபவரை நம்புவாள்.

நாட்டு மருந்து எல்லாம் நல்லது என்று வாதிட நான் வரவில்லை. பால் பெருக்கும் மருந்துகளையும் மூலிகைகளையும் உணவுகளையும் பற்றி உலகெங்கும் நடந்த 41 ஆய்வுகளை, ஏறத்தாழ 3,000 தாய்மாரை உள்ளடக்கியவற்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பினர் 2020ஆம் ஆண்டு தொகுத்துப் பார்த்தார்கள். வெந்தயம், முருங்கை, இஞ்சி, தண்ணீர்விட்டான் கிழங்கு போன்றவையும் அவற்றில் இருந்தன. இயற்கைப் பொருள்களால் பால் கூடக்கூடும், ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. அதாவது அடியோடு தள்ளவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் முடியாது. தாளிப்பில் போடும் வெந்தயம் யாரையும் ஒன்றும் செய்யாது. கரண்டி கரண்டியாகப் பொடியை விழுங்கினால் இரத்தச் சர்க்கரை இறங்கக்கூடும், சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் தாய்க்கு மயக்கம் வரலாம், கடலை ஒவ்வாதவர்களுக்கு அதுவும் ஒவ்வாமல் போகலாம். முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் உணவாகவே நல்லவை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, நம் மாவட்டத்துப் பெண்ணுக்கு அதைவிட எளிதாகக் கிடைப்பது எது? மருந்தைவிடப் பத்தியம் செய்த கேட்டையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வயிறு பெருத்துவிடும் என்று பாலூட்டும் பெண்ணுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது, கீரையும் பழமும் குளிர்ச்சி என்று விலக்குவது, ஒரு மாதம் முழுக்க இரசச் சோறு. உங்கள் தாளில் பத்தியம் பற்றி ஒரு சொல் இல்லை.

குழந்தையின் வாயில் நேராக வைப்பவை தனிக் கதை. அங்கே நான் தயங்காமல் கூடாது என்பேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் எங்கள் தெருக்களில் பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் சேனையாக வைக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் நரம்பைத் தாக்கும் கொடிய நஞ்சேற்றம் வரக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் கறந்து, சங்கில் அளந்து காய்ச்சாத பாலைப் புகட்டுகிறார்கள். உரைகல்லில் இழைத்த வசம்பு நாக்கில் தடவப்படுகிறது. பிள்ளை வளர்ப்பான் என்றும் பேர் சொல்லாதது என்றும் வசம்பை எவ்வளவு உரிமையோடும் அச்சத்தோடும் அழைக்கிறோம் என்பதை நினைத்தால், அதை விடச் சொல்வது எளிதல்ல என்பது புரியும். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருளால் எலிகளுக்குப் புற்று வந்ததைக் கண்டு, 1968ஆம் ஆண்டு அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. இதைத் தமிழில், பாட்டிமார்களின் முகம் கோணாமல், எடுத்துச் சொல்ல உங்களிடம் ஆள் வேண்டும். கதவில் ஒட்டிய தாள் அந்த வேலையைச் செய்யாது.

வழக்கத்தைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதற்கு ஒரு சான்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் மையத்துக்கு வந்துகொண்டிருந்த பெண் ஒருத்திக்குப் பிறந்த குழந்தை ஐந்தாம் நாள் இறந்துபோயிற்று. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது பால் கட்டினால் என்ன செய்வது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சலோடு கிடந்தவளுக்குத் தெருப் பெண்கள் மல்லிகைப் பூவைச் சரமாக மார்பில் வைத்துக் கட்டினார்கள். மற்ற நாள்களில் கூந்தலில் வைக்கும் பூ. மூன்று நாளில் வலி தணிந்தது. அன்று அதை வெறும் ஆறுதல் என்றே எண்ணியிருந்தேன். 1988ஆம் ஆண்டிலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பால் வற்றச் செய்யும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு மல்லிகைப் பூவை ஒப்பிட்டு ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரண்டிலுமே குறைந்தது. மாத்திரையால் அது கூடுதலாகக் குறைந்தாலும், மார்பு இறுக்கமும் பால் சுரப்பும் தணிந்ததில் இரண்டும் ஒத்திருந்தன. அந்த நோக்கத்துக்காக அந்த மாத்திரையைக் கொடுப்பதைப் பக்க விளைவுகளின் காரணமாக அமெரிக்கா 1990களில் கைவிட்டது. நான் இதைச் சொல்வது மல்லிகையை விற்பதற்காக அல்ல. தெருப் பெண்களின் கைவைத்தியத்தை மதித்து, அளந்து, எழுதி வைத்த மருத்துவர்கள் இருந்திருக்கிறார்கள். நம் இரு மாவட்டங்களிலும் அப்படி ஒருவர் கேட்டு எழுதினால் என்ன குறைந்துவிடும் என்பதற்காகத்தான்.

சந்தைப் பொட்டலத்துக்கு வருகிறேன். மருந்து, அழகுப்பொருள்கள் சட்டம் 1940ஆம் ஆண்டினது. 1964ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளும் அதற்குள் வந்தன. சித்த மருந்தின் மேலுறையில் உள்ளடக்கம், தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். நாங்கள் வாங்கிய பொட்டலத்தில் “அபூர்வ மூலிகைகள்” என்ற இரண்டு சொற்களும், உணவுப் பொருளுக்குரிய 14 இலக்க எண்ணுமே இருந்தன. எண்ணைப் பார்த்தால் அது உணவு. பேச்சைக் கேட்டால் அது மருந்து. உணவும் மருந்தும் தனித்தனி அலுவலர்களின் பொறுப்பு என்பதால் இரு பக்கமும் கைவிட்ட இடத்தில் அது விற்பனையாகிறது. மாவுப் பால் விளம்பரத்தைக் கட்டுப்படுத்த 1992ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. தாய்க்கு விற்கும் இந்தப் பொடிகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. 2004ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு ஒன்று, தெற்காசியாவில் தயாராகிப் பாஸ்டன் நகரில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததைக் காட்டியது. கடைகளில் பெயரோடு விற்றவற்றிலேயே அப்படியென்றால் பெயரே இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கும்? ஈயம் தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் போகும்.

எனவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், “நீங்கள் வீட்டில் எந்த மருந்து சாப்பிட்டாலும் எங்களிடம் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டோம், மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்” என்று எழுதி ஒட்டுங்கள். அதைச் சொன்ன தாயைத் திட்டாமல் இருக்கப் பணியாளர்களுக்கும் அறிவுறுத்துங்கள்.

பால் போதவில்லை என்று வரும் எந்தத் தாய்க்கும் எந்த முறை மருந்தையும் எழுதுவதற்கு முன் குழந்தையின் எடையைப் பார்த்து, ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று கேட்டு, ஒரு முறை முழுதாகப் பாலூட்டச் சொல்லிக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். இதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு செவிலியராவது ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வரும் மாவட்டத்தில், பிள்ளை பெற்றவளின் வீட்டுக்கு ஒரு தராசும் பத்து நிமிடமும் வருவது இயலாததல்ல.

தாய் சேய் நல அட்டையோடு ஒரு தாளை இணையுங்கள். தாய் உண்ணும் வீட்டு மருந்து, சித்த மருந்து, கடைப்பொடி, குழந்தைக்குப் புகட்டியது ஆகியவற்றைக் கிராம சுகாதாரச் செவிலியர் முதல் 42 நாள் வருகைகளில் கேட்டு அதில் எழுதட்டும். கேடு நேர்ந்ததாக ஐயம் வந்தால் ஆயுஷ் அமைச்சகத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அது போய்ச் சேரட்டும். அந்தத் திட்டம் இருக்கிறது. எங்கள் ஊர்களிலிருந்து அதற்குப் போகும் வழிதான் இல்லை.

தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் சித்த மருத்துவரை வேறு பணிக்கு அனுப்பாதீர்கள். மகப்பேறு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் சித்த மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து, நம் இரு மாவட்ட வீடுகளில் உண்மையில் புழங்கும் பொருள்களை எடுத்துக்கொண்டு, எதைத் தாய் தாராளமாக உண்ணலாம், எதை மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும், எதைக் குழந்தையின் வாயில் வைக்கவே கூடாது என்று மூவரும் ஒப்பிய ஒரே பட்டியலைத் தமிழில் வெளியிடுங்கள். எல்லையோர ஊர்களுக்காகத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வேண்டும்.

வாரச் சந்தைகளிலும் கடைகளிலும் பால் சுரப்புக்கு என்று விற்கும் பொடிகளை மருந்து ஆய்வாளரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் சேர்ந்தே சென்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, ஈயம், பாதரசம், ஆர்சனிக் சோதனை உள்பட அதன் முடிவை ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். என் வீட்டில் மிஞ்சிய பொட்டலத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கேட்கும் அலுவலரிடம் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு ஒப்படைப்பேன்.

வரும் ஆகஸ்ட் 1ஆம் நாள் உலகத் தாய்ப்பால் வாரம் தொடங்குகிறது. அதற்குள் இவற்றில் எதைச் செய்ய இயலும், எதை இயலாது, ஏன் இயலாது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தருமபுரி மாவட்டம்.